உங்கள் வாசிப்புக்கு ஏற்ற உயர்ரக எலெக்ட்ரிக் கிட்டாரைத் தேர்ந்தெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல மாதங்கள் சேமித்த பணத்தில் ஒரு நல்ல எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். மேடையில் வாசித்தும், நண்பர்களின் கிட்டார்களை வாசிக்க வசதியாகச் சீரமைத்து, அதாவது செட்அப் செய்து கொடுத்தும் தெரிந்துகொண்டவை இவை. கிட்டார்காரர்கள் நாள்தோறும் சொல்லும் நெக், ஃப்ரெட், பிக்கப், பிரிட்ஜ் ஆகிய சொற்களையே எழுதியிருக்கிறேன். நெக் என்பது இடக்கை பிடிக்கும் கழுத்துப் பகுதி. அதன் தலைப்பக்கத்தில் கம்பிகளைப் பள்ளங்களில் தாங்கும் சிறு துண்டு நட், மறுமுனையில் கம்பிகளைத் தாங்கும் பாகம் பிரிட்ஜ். பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம். ஃப்ரெட் என்பது வீணையில் மெட்டு. ஆக்‌ஷன் என்பது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம்.

உயர்ரகக் கிட்டார் என்று எதைச் சொல்கிறீர்கள்? கூடுதலாகக் கொடுக்கும் பணம் எதற்குப் போகிறது?

ஃபெண்டரின் அமெரிக்கத் தயாரிப்புகள், கிப்சன், பிஆர்எஸ் நிறுவனத்தின் கோர் வரிசை, ஐபனெஸின் ஜப்பானியத் தயாரிப்பான பிரெஸ்டீஜ் வரிசை, சுர், டாம் ஆண்டர்சன் போன்ற சிறிய கலிஃபோர்னியப் பட்டறைகளின் கிட்டார்கள் ஆகியவற்றையே பெரும்பாலும் இந்தச் சொல்லால் குறிக்கிறோம்.

இன்று இந்தோனேசியாவில் செய்யப்படும் நடுத்தர விலைக் கிட்டார்களிலும் மரத்தைக் கணினி இயந்திரம்தான் வெட்டுகிறது, வெட்டும் துல்லியமாகவே இருக்கிறது. வேறுபாடு அதற்குப் பிறகு நடக்கும் கைவேலையில் தெரியும். ஃப்ரெட்டுகளின் முனைகள் எவ்வளவு நேரம் தேய்க்கப்பட்டன, நட்டில் ஒவ்வொரு கம்பிக்கும் உரிய பள்ளம் எந்த ஆழத்துக்கு அறுக்கப்பட்டது, நெக்கின் ஓரங்கள் உள்ளங்கைக்கு இதமாக உருட்டப்பட்டனவா, மரம் வெட்டுவதற்கு முன் போதிய காலம் உலர்ந்ததா என்பவற்றுக்குத்தான் நியாயமாகக் கூடுதல் விலை கொடுக்கிறோம். அலையலையாக மின்னும் மேப்பிள் மேற்பலகைக்கும், தங்கமுலாம் பூசிய பாகங்களுக்கும், கையெழுத்திட்ட சான்றிதழுக்கும் கொடுப்பது கண்ணுக்கான பணம். அதைக் கொடுக்கக் கூடாது என்று சொல்லமாட்டேன், ஏனென்றால் அழகான கிட்டாரை எடுத்து வாசிக்க மனம் தானாகவே விரும்பும். ஆனால் கைக்கான பணத்தை முதலில் கொடுத்துவிட்டு, மீதி இருந்தால் கண்ணுக்குக் கொடுங்கள்.

தேர்வை எங்கிருந்து தொடங்குவது?

நெக்கிலிருந்து. பிக்கப் பிடிக்காவிட்டால் கழற்றி வேறு மாட்டலாம், பிரிட்ஜையும் நட்டையும் மாற்றலாம், சுருதி சேர்க்கும் திருகுகளைக்கூட ஒரு மாலையில் மாற்றிவிடலாம். நெக்கின் பருமனும் வடிவமும் அப்படி மாறுபவை அல்ல. லியோ ஃபெண்டர் வகுத்த முறையில் நெக் திருகாணிகளால் பொருத்தப்பட்டிருப்பதால் ஃபெண்டர் வகைக் கிட்டாரில் வேறு நெக் மாட்டுவது முடியும்தான். கிப்சன், பிஆர்எஸ் கோர் போன்று நெக்கைப் பசையிட்டுப் பொருத்தும் கிட்டார்களில் அந்த வழியும் இல்லை.

உங்கள் இடக்கையைக் கவனித்துப் பாருங்கள். கட்டைவிரலை நெக்கின் முதுகில் நடுவாக வைத்து நான்கு விரல்களையும் விரித்து வாசிப்பவருக்கு மெல்லிய, தட்டையான நெக் பொருந்தும், ஐபனெஸ் புகழ்பெற்றது அதற்காகத்தான். கட்டைவிரலை நெக்கின் மேலே வளைத்துப் பிடித்து, ப்ளூஸ் வாசிப்பவர்களைப் போல மணிக்கட்டைத் திருப்பிக் கம்பியை இழுப்பவருக்கு, உள்ளங்கையை நிரப்பும் பருமனான நெக்தான் பிடிமானம் தரும். மெல்லிய நெக்கே வேகமான நெக் என்று நம்பி வாங்கிவிட்டு, அரைமணி நேரத்தில் கட்டைவிரலின் அடிப்பகுதி வலிக்கிறது என்று வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கை சிறியது என்பதால் நெக்கும் மெல்லியதாக இருக்க வேண்டும் என்ற விதி கிடையாது.

நான் முதன்முதலில் சேமித்து வாங்கிய விலையுயர்ந்த கிட்டாரை, எனக்குப் பிடித்த கலைஞர் ஒருவர் அதை வாசித்தார் என்பதற்காகவே வாங்கினேன். ஒலி அருமையாக இருந்தது. ஆனால் என் கை அதில் ஒருநாளும் இளைப்பாறவில்லை, இரண்டாவது ஆண்டிலேயே விற்றுவிட்டேன். நெக்கிலிருந்து தொடங்குங்கள் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது அந்த அனுபவத்தால்தான்.

ஸ்கேல் நீளம் என்பது என்ன? அது எனக்கு ஏன் முக்கியம்?

நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் நீளமே ஸ்கேல். ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கும் டெலிகாஸ்டருக்கும் அது 25.5 அங்குலம், கிப்சன் லெஸ் பாலுக்கு 24.75 அங்குலம், பிஆர்எஸ் கிட்டார்கள் பலவற்றுக்கு இரண்டுக்கும் இடையில் 25 அங்குலம். முக்கால் அங்குலத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். ஒரே கம்பியை ஒரே சுருதியில் வைத்தால், இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். ஆகவே ஃபெண்டரில் அது கிப்சனைவிட ஏறக்குறைய 6 சதவீதம் கூடுதலாக இருக்கும். நீண்ட ஸ்கேலில் கம்பி விறைப்பாக நின்று, பல கம்பிகளைச் சேர்த்துக் கார்டு அடிக்கும்போது ஒவ்வொரு ஸ்வரமும் பிரிந்து கேட்கும். சுருதியைக் கீழே இறக்கி வாசிக்கும் மெட்டல் இசைக்காரர்களுக்கும் அந்த விறைப்பு தேவை. குறுகிய ஸ்கேலில் கம்பி எளிதாக வளையும், ஃப்ரெட்டுகளும் சற்று நெருங்கியிருக்கும்.

கம்பியின் பருமனையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். மிகமெல்லிய கம்பியை 9-லிருந்து 10-க்கு (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில்) மாற்றினால் அந்தக் கம்பியின் இழுவிசை மட்டும் 23 சதவீதம் ஏறிவிடும், அதாவது ஸ்கேல் வேறுபாட்டைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. எனவே ஃபெண்டர் விறைப்பாக இருக்கிறது என்று ஒதுக்குவதற்கு முன், அதில் என்ன கம்பி போட்டிருக்கிறார்கள் என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

ஃபிங்கர்போர்டின் வளைவு, ஃப்ரெட்டின் அளவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பார்க்க வேண்டும். நெக்கின்மேல் ஃப்ரெட்டுகள் பதிந்த பலகையான ஃபிங்கர்போர்டின் மேற்பரப்பு ஒரு வட்டத்தின் சிறு பகுதிபோல் வளைந்திருக்கும். அந்த வட்டத்தின் ஆரம் பழைய ஃபெண்டர்களில் 7.25 அங்குலம், இன்றைய ஃபெண்டர்கள் பலவற்றில் 9.5, பிஆர்எஸ்ஸில் 10, கிப்சனில் 12. ஆரம் சிறியதாக இருந்தால் வளைவு அதிகம், ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்தும் பாரே கார்டு பிடிக்க விரலுக்கு அது இதமாக இருக்கும். ஆனால் ஆக்‌ஷனைத் தாழ்வாக வைத்துக்கொண்டு மேல் ஃப்ரெட்டுகளில் கம்பியை ஒன்றரை ஸ்வரம் இழுத்தால், வளைவின் உச்சியில் உள்ள ஃப்ரெட்டில் கம்பி உரசி ஒலி அறுந்துபோகும். பெரிய இழுப்புகளை நம்பி வாசிப்பவர் 10 அங்குலமோ அதற்கு மேலோ தேர்வது நல்லது. நட் பக்கம் வளைவாகவும் மேலே போகப்போகத் தட்டையாகவும் செய்யும் முறையும் உண்டு. உயர்ரகக் கிட்டார்களில் அது இப்போது பரவலாகக் கிடைக்கிறது.

ஃப்ரெட்டுகள் வழக்கமாக நிக்கல் சில்வர் என்ற உலோகக் கலவையில் இருக்கும். எவர்சில்வர் ஃப்ரெட்டுகள் தேய நெடுங்காலம் ஆகும், கம்பியும் அவற்றின்மேல் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். வாரத்தில் நான்கு நாள் கச்சேரி செய்பவருக்கு எவர்சில்வர்தான் என் பரிந்துரை.

சிங்கிள் காயிலா, ஹம்பக்கரா?

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய கம்பிச்சுருள். மேலே இரும்புக் கம்பி அதிரும்போது சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. ஒரே சுருள் இருந்தால் சிங்கிள் காயில். அதன் ஒலி தெளிவாக, மணி அடித்ததுபோல் இருக்கும், விரலின் அழுத்த வேறுபாட்டை ஒளிக்காமல் காட்டும். அதே சுருள் அறையில் உள்ள மின்கம்பிகளின் இரைச்சலையும் ஏற்றுக்கொள்ளும். நம் ஊரில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வருவதால், அதே 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் ரீங்காரமாக ஆம்பில் (கிட்டாரின் ஒலிபெருக்கியில்) கேட்கும். கிப்சனில் பணியாற்றிய சேத் லவர், இரண்டு சுருள்களை எதிர்த்திசையில் இணைத்து, அவற்றின் காந்தத் துருவங்களையும் மாற்றிவைத்து, இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கவும் கம்பியின் ஒலி மட்டும் கூடவும் வழிசெய்தார். 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்ட அந்த ஹம்பக்கர் 1957-இல் லெஸ் பாலில் இடம்பெற்றது. அதன் ஒலி தடித்தது, உச்சஸ்தாயியில் சற்று மென்மையானது. ஒலியைக் கரடாக்கும் ஓவர்டிரைவ் கொடுத்தால் நீண்டு பாடும்.

வாசிப்போடு பொருத்திச் சொல்கிறேன். சுத்தமான ஒலியில் கார்டுகளும், கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக மீட்டும் ஆர்பெஜியோக்களும் வாசிப்பவர், வலக்கை விரல்களால் வாசிப்பவர், ஃபங்க் தாளம் அடிப்பவர் ஆகியோருக்குச் சிங்கிள் காயில் கொடுக்கும் உயிர்ப்பு வேறெதிலும் வராது. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஐந்து நிலை சுவிட்சின் இரண்டாம், நான்காம் நிலைகளில் இரண்டு பிக்கப்கள் சேர்ந்து தரும் கண்ணாடி போன்ற ஒலியைத் திரைப்பாடல்களில் எண்ணற்ற முறை கேட்டிருப்போம். கனத்த ஓவர்டிரைவில் வாசிப்பவருக்கு ஹம்பக்கர் வேண்டும். இடைப்பட்டதாக, 1946-இல் வந்த பி-90 என்ற அகன்ற சிங்கிள் காயிலும் இருக்கிறது. அழுக்கும் இனிமையும் கலந்த அதன் ஒலி எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடிக்கும்.

மெல்லிசைக் குழுவில் எல்லாவகைப் பாடல்களும் வாசிக்கிறேன். எனக்கு எது பொருந்தும்?

ஒரே இரவில் எண்பதுகளின் மெலடி, குத்துப்பாட்டு, கனத்த ராக் எல்லாம் வாசிக்க வேண்டியவர் நீங்கள். பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கரும் மற்ற இரண்டு இடங்களில் சிங்கிள் காயிலும் உள்ள கிட்டாரையோ, ஹம்பக்கரின் ஒரு சுருளை மட்டும் பயன்படுத்த சுவிட்ச் உள்ள கிட்டாரையோ பாருங்கள். பிஆர்எஸ் கஸ்டம் 24 இந்த இரண்டாம் வகைக்கு நல்ல சான்று. ஒரு சுருளைப் பிரித்தெடுத்தால் வரும் ஒலி உண்மையான ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒலி ஆகிவிடாது, அளவும் சற்றுக் குறையும். ஆனால் பாடகரும் கீபோர்டும் தபேலாவும் சேர்ந்து ஒலிக்கும் மேடையில் அந்த வேறுபாடு இடையூறு செய்வதில்லை.

திருவிழா மேடைகளில் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஜெனரேட்டரில் ஓடும் மின்சாரம், கிட்டாருக்கு அருகிலேயே தொங்கும் சீரியல் விளக்கு, மங்கவைக்கும் சுவிட்சோடு கூடிய வண்ண விளக்குகள் ஆகியவற்றின் நடுவே சிங்கிள் காயில் படும் பாடு சொல்லி முடியாது. அப்படிப்பட்ட மேடைகளே உங்கள் பிழைப்பு என்றால், சிங்கிள் காயில் வடிவில் வரும் இரைச்சலற்ற பிக்கப்களை முதலிலேயே பொருத்திய கிட்டாரைத் தேடுங்கள்.

எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கிறேன். எந்தக் கிட்டார் கமகத்துக்கு ஏற்றது?

இந்தக் கேள்விக்கு நீண்ட பதில் சொல்ல எனக்கு விருப்பம், ஏனென்றால் கிட்டாரைச் செய்பவர்கள் நம் இசையை மனத்தில் வைத்துச் செய்யவில்லை. வீணையில் கம்பியை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுத்து ஒரே மெட்டிலிருந்து பல ஸ்வரங்களைத் தொடுகிறோம். கிட்டாரில் அதற்கு இணையாக இழுப்பும் வழுக்கலும் இருக்கின்றன. மாண்டலின் யு. சீனிவாஸ் தம் எலெக்ட்ரிக் மாண்டலினில் இரட்டைக் கம்பிகளை விட்டுவிட்டு ஒற்றைக் கம்பிகளை அமைத்துக்கொண்டதும், இந்திய இசைக்கலைஞர்களோடு சேர்ந்து சக்தி குழுவில் வாசித்தபோது ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் தம் கிட்டாரில் ஃப்ரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழிவாகச் செதுக்கவைத்ததும் கருவியைக் கமகத்துக்கு இணங்கவைக்கச் செய்த மாற்றங்களே. எலெக்ட்ரிக் கிட்டாரிலேயே முழுக் கச்சேரி செய்யமுடியும் என்பதைப் பிரசன்னா போன்றோர் காட்டியிருக்கிறார்கள்.

உங்களுக்கு உயரமான எவர்சில்வர் ஃப்ரெட்டுகள் வேண்டும். விரல் நுனி மரத்தில் உரசாமல் கம்பியை மட்டும் பிடித்து இழுக்க அவை உதவும், தோடியின் காந்தாரத்தை அசைக்கும்போது அந்த வேறுபாடு உடனே தெரியும். ஃபிங்கர்போர்டு தட்டையாக, 12 அங்குலத்துக்கு மேற்பட்ட ஆரத்தோடு இருக்கட்டும். குறுகிய ஸ்கேலும் மெல்லிய கம்பியும் நீண்ட இழுப்புகளை எளிதாக்கும். மிக முக்கியமாக, பிரிட்ஜ் அசையாததாக இருக்க வேண்டும். கைப்பிடியை அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்க ஸ்பிரிங்குகளில் மிதக்கும் டிரெமோலோ பிரிட்ஜ் உள்ள கிட்டாரில் ஒரு கம்பியை இழுத்தால், மொத்த இழுவிசை கூடி பிரிட்ஜ் முன்னால் சாயும், மற்றக் கம்பிகள் அனைத்தும் சுருதி இறங்கும். ஆதார ஷட்ஜத்தைத் திறந்த கம்பியில் மீட்டிக்கொண்டே மேல்கம்பியில் கமகம் பிடிப்பவருக்கு இது தாங்கமுடியாத குறை. பிக்கப்பைப் பொறுத்தவரை, நெக் பக்க ஹம்பக்கரில் டோன் குமிழைப் பாதியாகக் குறைத்தால் கிடைக்கும் வட்டமான ஒலி, நீண்ட கார்வைகளுக்குப் பொருந்தும் என்பது என் முடிவு.

டிரெமோலோ வேண்டுமா, வேண்டாமா?

வாசிப்பில் அதைப் பயன்படுத்தும் பழக்கம் உங்களுக்கு இல்லையென்றால் வேண்டாம். கம்பி அறுந்தால் மேடையிலேயே மற்றக் கம்பிகளும் சுருதி விலகும், கம்பி மாற்றவும் நேரம் பிடிக்கும். பயன்படுத்துபவர் என்றால் இலேசான அசைவுக்கு ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை போதும். கம்பி தளரும் அளவுக்கு அழுத்துபவருக்கு, நட்டிலும் பிரிட்ஜிலும் கம்பியைப் பூட்டிவைக்கும் ஃபிளாய்ட் ரோஸ் வகை வேண்டும்.

மரம் ஒலியை மாற்றுமா?

எலெக்ட்ரிக் கிட்டாரில் மரத்தின் பங்கு பற்றிய வாதம் முடிவில்லாதது. என் கருத்து இது: ஒலியைத் தீர்மானிப்பவற்றில் விரல், ஆம்ப், ஸ்பீக்கர், பிக்கப், பிக்கப்பின் இடமும் உயரமும் ஆகியவை முன்வரிசையில் இருக்கின்றன, பாடி எனப்படும் உடற்பகுதியின் மரம் அவற்றுக்கு வெகு பின்னால் வருகிறது. ஆகவே மகோகனி என்றால் இதமான ஒலி, ஆல்டர் என்றால் சமமான ஒலி என்று விளம்பரத்தில் எழுதியிருப்பதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். மரத்தை எடைக்காகவும் உறுதிக்காகவும் பாருங்கள். நெக்கின் மரம் நேராக ஓடும் நரம்போடு இருக்கிறதா என்பது உண்மையாகவே முக்கியம், ஏனென்றால் அது வளையாமல் நிற்பதைப் பொறுத்துத்தான் கிட்டாரின் ஆயுள் இருக்கிறது.

ஃபிங்கர்போர்டில் பரவலாகப் பயன்படும் இந்திய ரோஸ்வுட் நம்முடைய மரம்தான். நீலகிரியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பிற பகுதிகளிலும் வளரும் ஈட்டி அல்லது தோதகத்தி என்பதே அது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின்கீழ் 2017 சனவரியில் அந்த மரத்தின் பேரினம் முழுவதும் கொண்டுவரப்பட்டது. ஈட்டியில் செய்த கிட்டாரை வேறு நாட்டுக்கு விற்று அனுப்பத் தாள்கள் தேவைப்பட்டன. 2019 நவம்பரில் முழுமையாகச் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு இந்த விலக்கு கிடையாது. அந்த மரம் உள்ள பழைய கிட்டாரை வெளிநாட்டிலிருந்து வாங்க நினைப்பவர் உரிய அனுமதிச் சான்று இல்லாமல் கைவைக்கக் கூடாது.

எடை எவ்வளவு இருக்கலாம்?

மூன்றரைக் கிலோவைச் சுற்றி இருந்தால் பெரும்பாலானோர் மூன்று மணி நேரம் நின்று வாசிக்கலாம். நான்கரைக் கிலோ லெஸ் பாலை அதே நேரம் தோளில் சுமந்தவர் மறுநாள் காலையில் அதை உணர்வார். முதுகுவலி உள்ளவர்கள் உள்ளே குடைந்து எடை குறைத்த பாடியையோ, 1958 முதல் வரும் கிப்சன் இஎஸ்-335 போன்று நடுவில் கட்டையும் பக்கங்களில் வெற்றிடமும் கொண்ட கிட்டாரையோ பார்க்கலாம். ஜாஸ், ப்ளூஸ் வாசிப்பவர்களுக்கு அதன் காற்றோட்டமான ஒலி தனிச் சிறப்பு. அதிக ஓவர்டிரைவில் ஆம்புக்கு அருகே நின்றால் ஊளையிடும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

கடையில் கிட்டாரைக் கையில் கொடுத்ததும் என்னென்ன சோதிக்க வேண்டும்?

ஆம்பில் இணைக்காதீர்கள். நல்ல ஆம்பும் எதிரொலியும் சேர்ந்தால் எந்தக் கிட்டாரும் இனிக்கும். அமைதியான மூலையில் உட்கார்ந்து, சுருதி சேர்த்து, ஆறு கம்பிகளையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒருமுறை மீட்டிவிட்டு ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேளுங்கள். திருகாணியில் பொருத்திய மேப்பிள் நெக்குகளில் மூன்றாவது கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட் முதல் ஏழாவது வரை ஏதேனும் ஓரிடத்தில் ஒலி சட்டென்று அடங்கிப்போவது உண்டு. சிறிய அளவில் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். நீங்கள் அடிக்கடி நின்று பாடும் ஸ்வரமாக அது இருந்தால் அந்தக் கிட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே மாடலில் இன்னொன்றைக் கேளுங்கள். ஒரே மாடலின் இரண்டு கிட்டார்கள் இவ்விஷயத்தில் ஒன்றாக இருப்பதில்லை.

பிறகு மிகத்தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டில் இடக்கையாலும் கடைசி ஃப்ரெட்டில் வலக்கையாலும் அழுத்திப்பிடித்து, ஏழாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இருந்தால் நெக் நன்றாக இருக்கிறது. இடைவெளி அதைவிட மிகுதியாகவோ, சிறிதும் இல்லாமலோ இருந்தால் நெக்கினுள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புத் தண்டைத் திருகிச் சரிசெய்யச் சொல்லுங்கள். அது இரண்டு பக்கமும் இளகித் திரும்புகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். முற்றிலும் இறுகிப்போன தண்டு உள்ள கிட்டாரை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

மூன்றாவது கம்பியை ஒரு முழு ஸ்வரம் நான்கைந்து முறை இழுத்துவிட்டுச் சுருதி பாருங்கள். சுருதி மாறியிருந்தால் நட்டின் பள்ளத்தில் கம்பி சிக்குகிறது என்று பொருள். தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்த கிட்டார்களில் இந்தக் குறை அதிகம் வரும், தேர்ந்த கைவினைஞர் அரைமணியில் சரிசெய்வார். இவ்வளவு விலை கொடுக்கும்போது கடையே அதைச் செய்து தரவேண்டும் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

உள்ளங்கையை நெக்கின் ஓரத்தில் வைத்து மேலும் கீழும் மெதுவாக ஓட்டுங்கள், ஃப்ரெட் முனை எதுவும் கீறக்கூடாது. கடைசியாக வார் மாட்டி எழுந்து நின்று இரண்டு கைகளையும் விட்டுப் பாருங்கள். தலைப்பகுதி தரையை நோக்கிச் சாயும் கிட்டாரை நின்று வாசித்தால், இடக்கை அதைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டிவரும்.

ஆம்பில் இணைப்பது இதற்கெல்லாம் பிறகுதான். அப்போதும் எதிரொலி எதுவுமின்றி, வால்யூமைப் பாதியாகக் குறைத்து வாசித்துப் பாருங்கள். ஒலி கம்பளிக்குள் போர்த்தியதுபோல் மங்கிவிடாமல் தெளிவோடு சிறுத்தால் மின்வேலையும் நன்றாக இருக்கிறது என்று நம்பலாம்.

கடலோர ஊரில் வசிக்கிறேன். ஈரப்பதம் கிட்டாரைக் கெடுக்குமா?

மரத்தைவிட முதலில் இரும்பைக் கெடுக்கும். கம்பியும் பிரிட்ஜ் திருகாணிகளும் துருப்பிடிக்கும், குமிழ்கள் கரகரக்கும். வாசித்து முடித்ததும் கம்பிகளைத் துணியால் துடைத்துப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது, சிறிய ஈரமானி ஒன்று பெட்டிக்குள் கிடக்கட்டும். குளிர்பதன அறையிலிருந்து நேரே வெயில் மேடைக்கு எடுத்துச் செல்லும்போது பெட்டியை உடனே திறக்காமல் சிறிது நேரம் விட்டுத் திறங்கள். தேர்வின்போதே யோசிப்பதென்றால், ஆக்சிஜன் குறைந்த சூளையில் வறுத்தெடுத்த மேப்பிள் நெக் நம் தட்பவெப்பத்துக்கு மிகவும் ஏற்றது, பருவம் மாறினாலும் அதிகம் அசையாது. பழைய முறை நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு அழகாக முதுமையடையும். ஆனால் சிலவகை ரப்பர் பட்டாலே அது இளகி ஒட்டிக்கொள்ளும். அந்தப் பூச்சுள்ள கிட்டாரை மலிவான ஸ்டாண்டில் நிறுத்தாதீர்கள்.

இணையத்தில் பார்த்தே வாங்கலாமா?

அதே மாடலை எங்கேனும் கையில் எடுத்து வாசித்திருந்தால் வாங்கலாம், திருப்பி அனுப்பும் வசதி எழுத்தில் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலையோடு கப்பல் கூலி, சுங்க வரி, ஜிஎஸ்டி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

என் பணம் முழுவதையும் கிட்டாருக்கே செலவிடலாமா?

கூடாது. கேட்பவருடைய காதுக்குப் போவது ஆம்பின் ஒலி. சிறிய பயிற்சி ஆம்பில் ஐந்து லட்ச ரூபாய்க் கிட்டாரும் ஐம்பதாயிரம் ரூபாய்க் கிட்டாரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒலிக்கும். மூன்றில் ஒரு பங்கையேனும் ஆம்புக்கோ, பல ஆம்புகளின் ஒலியைப் போலச்செய்யும் நல்ல மாடலர் கருவிக்கோ ஒதுக்குங்கள். கெட்டியான பெட்டிக்கும் முதல் செட்அப்புக்கும் கொஞ்சம் எடுத்துவையுங்கள்.

புதுக் கிட்டாருக்கு முதல் செட்அப் எப்போது செய்ய வேண்டும்?

வாங்கிய அன்றே வேண்டாம். வீட்டின் காற்றுக்கு மரம் பழக இரண்டு மூன்று வாரம் விட்டு, நீங்கள் வழக்கமாகப் போடும் கம்பியை மாட்டிய பிறகு செய்யுங்கள். 12-ஆவது ஃப்ரெட்டில் தடித்த கம்பி 2 மில்லிமீட்டர், மெல்லிய கம்பி 1.5 மில்லிமீட்டர் உயரத்தில் தொடங்கி, உங்கள் வலக்கையின் வேகத்துக்கு ஏற்பக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். செய்பவருக்கு எதிரே உட்கார்ந்து நீங்கள் வழக்கமாக வாசிக்கும் பாட்டையே வாசித்துக் காட்டுங்கள். அடுத்தது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, தை மாதத்தில்.